வெயில் படாத இடம்

ரயில் சந்திப்புக்குப் போகிற பேருந்து சமாதானபுரம் தாண்டியதும் கூரையிலிருந்து ஒரு பெண்குரல் கொஞ்சலாகச் சொன்னது: "பின்வாசல் கம்பியைப் பிடித்து நிற்கும் மூத்த குடிமகனுக்கு யாரேனும் இடம் கொடுக்கவும்."

அம்பலவாணன் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. கம்பியைப் பிடித்து நின்றவர் அவர் ஒருவர்தான். அந்தப் பேருந்துக்கு ஓட்டுநரும் கிடையாது, நடத்துநரும் கிடையாது. கேமரா மட்டும் உண்டு. அது ஆளைப் பார்க்கும், தோலைப் பார்க்கும், வயதைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அம்பலவாணனுக்கு நாற்பத்து நான்கு வயது. கேமரா எழுபதுக்குக் குறையாமல் போட்டிருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. "உக்காருங்க பெரியவரே" என்று எழுந்து இடம் கொடுத்தவர், அவருக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்த பொன்னுச்சாமி சார். சாரின் முகம் கழுவி வைத்த கத்தரிக்காய் மாதிரி பளபளவென்று இருந்தது. தன் காதைத் திருகிய கை என்பதால் அம்பலவாணனுக்குக் கையை வைத்துத்தான் ஆள் தெரிந்தது. சாருக்கு மாணவனைத் தெரியவில்லை. "பாத்துங்க, படி இருக்கு" என்று தோளைப் பிடித்து வேறு உட்கார வைத்தார்.

அன்று மாலை சங்கரன்கோவில் பட்டிமன்றத்தில் அம்பலவாணன் அதைத்தான் முதல் கதையாக எடுத்துவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அவருடைய பிழைப்பே அந்த முகம்தான். மேடையில் எழுந்தால் முதலில் தலைப்பைத் தொடமாட்டார், முகத்தைத்தான் தொடுவார். "நல்லாப் பாத்துக்கோங்க. இது என் மூஞ்சி இல்ல, எங்க அப்பா மூஞ்சி. அவரு போகும்போது வீட்டை எங்க அண்ணனுக்கும் மூஞ்சிய எனக்கும் எழுதி வச்சிட்டாரு" என்பார். "தாலிய கையில எடுக்கேன், ஐயரு 'பொண்ணோட அப்பா கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ'ங்காரு" என்பார். சொல்லிவிட்டுப் புருவத்தைத் தூக்குவார். உடனே நெற்றியில் வாய்க்கால் வெட்டியது போல மூன்று கோடு விழும். அந்தக் கோடு விழுந்த பிறகுதான் கூட்டம் சிரிக்கும். ஜனங்கள் சிரித்தது கோட்டுக்கு, ஜோக்குக்கு இல்லை என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் தமிழறிஞர் என்று போஸ்டரில் போட்டுக்கொண்டார்.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. தோலைத் திரும்ப நெய்கிற மருத்துவம் ஒன்று வந்திருந்தது. 'மறுநெசவு' என்று பெயர். முதலில் நடிகர்கள் செய்துகொண்டார்கள், பிறகு ஜவுளிக்கடை முதலாளிகள், பிறகு பொன்னுச்சாமி சார் வரைக்கும் வந்துவிட்டது. முன்பெல்லாம் சுருக்கம் என்றால் வயது என்று அர்த்தம். இப்போது வசதியில்லை என்று அர்த்தம். நெல்லையப்பர் கோயில் வாசலில் செருப்பு டோக்கனுக்காகக் கை நீட்டி நின்ற அம்பலவாணனின் உள்ளங்கையில், ஒரு அம்மாள் போகிறபோக்கில் புண்ணியம் தேடிக்கொண்டு போனாள். அதையும் அவர் மேடையில் சொன்னார். அந்த முறை முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பாவம் என்பது போலப் பார்த்தார்கள். பேச்சாளனுக்கு அதைவிடப் பெரிய சாவு கிடையாது.

அந்த வாரம் சென்னையிலிருந்து ஒரு அழைப்பு. தொலைக்காட்சித் தயாரிப்பாளர், பெயர் மிருதுளா.

"சார், உங்க டைமிங் எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும். தீபாவளிப் பட்டிமன்றத்துக்கு நடுவரா உங்களைத்தான் போடலாம்னு இருக்கோம். ஒரே ஒரு விஷயம். அந்த முகத்தோட வந்து நீங்க ஜோக் சொன்னா, வசதியில்லாதவங்களைக் கிண்டல் பண்றோம்னு திட்டுவாங்க. மறுநெசவு பண்ணிட்டு வந்துருங்களேன்."

"மூஞ்சிய மாத்திட்டு எதை வச்சும்மா நான் ஜோக்கு சொல்ல?"

"அதெல்லாம் எழுதிக் கொடுக்க ஆள் இருக்காங்க சார்."

நடுவர் நாற்காலி! அம்பலவாணன் பல வருடங்களாகப் பக்க மேசையில் உட்கார்ந்து அந்த நடு நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தவர். ஆனாலும் அதற்காகத்தான் செய்துகொள்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்தது. நல்லவேளையாக மகளின் பள்ளிக்கூட வாசலில் ஒரு காரணம் கிடைத்தது.

மகள் பெயர் தேன்மொழி. பிறந்த பதினாறாம் நாள், உறவெல்லாம் கூடியிருக்க, பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்லி வைத்த பெயர். பிள்ளைக்குக் காது கேட்காது என்பது ஒரு வயதில்தான் தெரிந்தது. ஊரையே பேச்சால் கட்டிப்போடுகிறவர், ஒரு சொல்கூடக் கேட்காத பிள்ளைக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்திருக்கிறார். அம்பலவாணன் மேடையில் சொல்லாத ஒரே கதை இதுதான்.

தேன்மொழியும் அப்பாவுக்குப் பெயர் வைத்திருந்தாள். சைகையில் பேசுகிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு அடையாளத்தைப் பிடித்துப் பெயராக வைத்துவிடுவார்கள். அம்மா வடிவு என்றால் மூக்குத்தியைத் தொடுகிற சைகை. அப்பா என்றால் மூன்று விரலை நெற்றியில் வைத்துக் குறுக்கே இழுப்பாள். அந்த மூன்று கோடுதான் அப்பா. வீட்டில் அவர் பேசுகிற சைகை இலக்கணத்தில் ஆயிரம் தப்பு இருக்கும். ஆனால் புருவமும் கன்னமும் நெற்றியும் மிச்சத்தைப் பேசிவிடும். அவர் சொன்ன நகைச்சுவைக்காக அல்லாமல் அவருக்காகவே விழுந்து விழுந்து சிரித்த ஒரே ரசிகை அவள்தான்.

அன்று பள்ளி வாசலில் புதிதாக வந்த காவலாளி, தேன்மொழியிடம் அம்பலவாணனைக் காட்டித் தாடியைத் தடவிக் கூன் போட்டுக் காண்பித்தான். உன் தாத்தா வந்திருக்கிறார் என்று அர்த்தம். தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவ்வளவுதான். பிள்ளைக்கு என்னால் அவமானம் என்று அம்பலவாணன் முடிவுகட்டிவிட்டார். மகளுக்காகத்தான் செய்துகொள்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பட்டிமன்றத்தில் இரண்டு பக்கமும் பேசிப் பழகியவருக்குத் தன்னை நம்ப வைப்பது ஒரு காரியமா?

"உங்க மூஞ்சிக்கு என்ன கேடு?" என்றாள் வடிவு. அவள் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், எதையும் மீட்டர் பார்த்துத்தான் நம்புவாள்.

"உனக்கு நல்லதுதானட்டி. சின்ன வயசு மாப்பிள்ளை கெடைப்பான்."

"ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும். நான் இப்படியே இருந்துக்கிடுதேன்."

மறுநெசவு ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ்தர் கிருபா அவர் முகத்தை ஒரு பூதக்கண்ணாடிக் குழாய் வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டினார்.

"தோலுன்னா மேல போத்துன துணின்னு நெனச்சுக்கிடாதீங்க சார். அது ஒரு கயித்துக் கட்டில். மேல விரிச்சிருக்க ஜமுக்காளம்தான் நம்ம கண்ணுக்குத் தெரியுற மேல்தோல். அடியில இழுத்துக் கட்டியிருக்க கயிறு கொலாஜன். ஆளு எந்திரிச்சதும் கட்டில் பழையபடி விறைப்பா நிக்குதுல்லா, அந்த இழுவைக்கு எலாஸ்டின்னு இன்னொரு நாரு. வயசானா எல்லாருக்கும் கயிறு தளரத்தான் செய்யும். உங்களுக்கு அதுக்கு முன்னாலயே அறுந்துபோச்சு."

"நான் யாரையும் அந்தக் கட்டில்ல படுக்க விடலையே டாக்டர்."

"வெயில விட்டிருக்கீங்களே. பைக்லதான ஊர் ஊராப் போறீங்க? உச்சி வெயில்ல?"

"மேடை சாயங்காலம். ஊர் தூரம்."

"சிகரெட்டு?"

"விட்டுட்டேன்."

"எப்ப?"

"உங்க ஆஸ்பத்திரி வாசல்ல."

"டீக்குச் சர்க்கரை போடுவீங்களா?"

"சர்க்கரைக்குக் கொஞ்சம் டீ போட்டுக்கிடுவேன்."

டாக்டர் சிரித்தார். "வெயிலு, புகை, சர்க்கரை. மூணும் கயித்தைக் கடிக்கிற எலி. தடுக்கணும்னா இருபது வயசுலயே தொப்பி வச்சு, கிரீம் தடவி, நெழல்ல நடந்திருக்கணும். அதுதான் உண்மையான வைத்தியம். அதை யாரு கேக்கா? எல்லாரும் அறுந்தப்புறம்தான வாராங்க."

"இப்பம் என்ன செய்வீங்க?"

"உங்க தோல் செல்லுக்குத் திரும்ப நெய்யச் சொல்லிக் கொடுப்போம். ஆனா எந்தப் பின்னல்ல நெய்யணும்னு அதுக்கு ஒரு மாதிரி வேணும். உங்க உடம்புலயே வெயில் படாத, கெடாத தோலு எங்க இருக்கோ, அங்கன ஒரு பொட்டு எடுப்போம். அதைப் பாத்து மொகம் முழுக்க அப்படியே பின்னிரும். மொத ஊசி இன்னைக்கு. பிடிச்சிருந்தா ஆறு மாசம் கழிச்சு நிலைப்பு ஊசி. அது போட்டாச்சுன்னா பின்னல் இறுகிரும், அப்புறம் மாத்த முடியாது."

"சரி டாக்டர். வெயிலே படாத எடம்னா எங்கன எடுப்பீங்க?"

"குப்புறப் படுங்க."

எத்தனையோ எதிரணிகளின் வாயை அடைத்தவர், வாயடைத்துப்போய்க் குப்புறப் படுத்தார். விளம்பரத்தில் 'வெயில் காணாத தூய தோலிலிருந்து' என்றுதான் போட்டிருந்தார்கள். அது மனிதன் உட்காருகிற இடம் என்று யார் நினைத்தார்? பேருந்தில் பளபளவென்று நின்ற பொன்னுச்சாமி சாரின் முகம் அவர் ஞாபகத்துக்கு வந்தது. ஜவுளிக்கடை முதலாளி வந்தார். செய்தி வாசிக்கிற பெண் வந்தாள். ஊரே அந்த முகத்தோடுதான் நடமாடுகிறது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கல்லா டாக்டர்?" என்று தலையணைக்குள் கேட்டார்.

"எல்லாரும் இதைத்தான் சார் கேக்காங்க."

ஒரே மாதத்தில் முகம் மாறிவிட்டது. காய்கறிக்கடையில் "தம்பி" என்றார்கள். பேருந்துக் கூரை வாயை மூடிக்கொண்டது. கண்ணாடி முன்னால் நின்ற அம்பலவாணனை வடிவு வந்து இழுக்கவேண்டியிருந்தது. குளியலறைக் கண்ணாடி, பைக் கண்ணாடி, ஓட்டல் தண்ணீர்த் தொட்டி, எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. தன் முகத்தைப் பார்ப்பதிலேயே அவருக்குப் பொழுது போயிற்று.

தேன்மொழி முதல் நாள் அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வழவழப்பாக இருந்தது. பெயர் சொல்லக் கையைத் தூக்கினாள். மூன்று விரலும் நெற்றிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் நெற்றியைப் பார்த்தாள். கை அப்படியே இறங்கிவிட்டது.

இரண்டாம் மாதம் முடிகிறபோது கோளாறு தொடங்கியது. அவர் வழக்கம்போலக் கையால் கேட்டார்: 'சாப்பிட்டாயா?' சைகையில் 'சாப்பிட்டாய்' என்பதற்கும் 'சாப்பிட்டாயா' என்பதற்கும் கை ஒன்றுதான். புருவம் தூக்கினால்தான் கேள்வி. அவர் தூக்கினார். புருவம் உள்ளே தூக்கிற்று, வெளியே வரவில்லை. 'இல்லை, சாப்பிடவில்லை' என்றாள் அவள். அவர் மறுபடி கேட்டார். 'சாப்பிடவில்லை என்கிறேன், நான் பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?' என்று கையை உதறிவிட்டுப் போனாள்.

அவர் கொஞ்சினால் அவளுக்கு அது செய்தி. கேலி செய்தால் குற்றச்சாட்டு. 'பள்ளிக்கூடத்தில் அழுதாயாமே, ஏன்?' என்று பதறிக் கேட்டால், 'நீ அழுதாய்' என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிற ஒரு வழவழப்பான ஆளைத்தான் அவள் பார்த்தாள்.

வடிவுதான் நடுவில் நின்றாள். கணவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் தன் புருவத்தைத் தூக்கினாள். அவர் பதறினால் அவள் நெற்றியைச் சுருக்கினாள். தேன்மொழி அப்பாவின் கையையும் அம்மாவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டாள். அலுவலகம் போய்விட்டு வந்து இந்த வேலையையும் பார்த்துவிட்டு, படுக்கப் போகும்போது வடிவு நெற்றியைத் தேய்த்துக்கொள்வாள். அம்பலவாணன் அப்போது கண்ணாடி பார்த்துக்கொண்டிருப்பார்.

வெளியிலும் அதே கதைதான். ஒரு துக்க வீட்டுக்குப் போனார். இறந்தவரின் மகன் மறுநெசவு முகத்தோடு வாசலில் நின்று, "அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "நானும் வருத்தமாத்தான் இருக்கேன்" என்று அம்பலவாணனும் சொல்லிவிட்டு வந்தார். இருவரும் பார்ப்பதற்கு நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

மிருதுளாவுக்கு மட்டும் பரம திருப்தி. "செம சார், அப்படியே நடுவர் மாதிரியே இருக்கீங்க. நிலைப்பு ஊசி போட்டுட்டு வந்துருங்க. மறுநாளே ஷூட்டிங்."

நிலைப்பு ஊசிக்குப் போகிற நாள் காலையில், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே வடிவு சொன்னாள்.

"பிள்ளை நேத்து ஒண்ணு கேட்டா."

"என்ன?"

"அப்பாக்கு என் மேல என்ன கோவம்னு கேட்டா. நாலு மாசமா நான் என்ன தப்புப் பண்ணினேன்னு கேட்டா."

"நான் எப்பம் கோவப்பட்டேன்?"

"அது எனக்குத் தெரியுது. உங்க சத்தம் எனக்குக் கேக்குது. அவ எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவா?"

அம்பலவாணனுக்கு அழுகை வந்தது. கண்ணீரும் வந்தது. முகம் மட்டும் எதுவும் நடக்காதது போல இருந்தது. எதிரே கண்ணாடியில் அதைப் பார்த்தபோது அவருக்கே அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது.

பள்ளி விடுமுறை என்பதால் தேன்மொழியையும் கூட்டிக்கொண்டு மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளையைக் காத்திருப்புக் கூடத்தில் வடிவோடு உட்கார வைத்துவிட்டு அம்பலவாணன் உள்ளே போனார்.

"டாக்டர், இந்த மூஞ்சிக்குச் சிரிக்கத் தெரியல."

எஸ்தர் கிருபா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீங்க மொத ஆளு இல்ல சார். நாங்களே இப்பதான் புரிஞ்சுக்கிட்டு இருக்கோம். உடம்புல மத்த எடத்துல எல்லாம் சதை எலும்பைப் புடிச்சிருக்கும். மொகத்துல மட்டுந்தான் சதை தோலையே புடிச்சிருக்கும். அதனாலதான் சதை இழுத்தா தோலு மடங்குது, சிரிப்பு வெளிய தெரியுது. புதுப் பின்னல்ல அந்தப் பிடி இல்ல."

"ஏன் இல்ல?"

"எந்த எடத்தைப் பாத்து அது நெய்யக் கத்துக்கிட்டுது? அந்த எடத்துக்குச் சிரிக்க வேண்டிய அவசியம் என்ன சார்?"

அம்பலவாணன் தன் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த நகைச்சுவை அது. சொன்னது டாக்டர், விஷயம் அவருடைய மூஞ்சி. சிரித்தார், சத்தம் மட்டும் வந்தது.

"சோதனை பண்ணும்போது ஒருத்தருக்குமா தெரியல?"

"சுருக்கத்தை அளக்கிற கேமராவுக்கு முன்னாடி எல்லாரையும் அசையாம இருங்கன்னு சொல்லித்தான் படம் எடுத்தாங்க. அசையாம இருந்தா எல்லா மொகமும் நல்லாத்தான் இருக்கு." டாக்டர் ஊசி இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதைப் போட்டா இந்த மொகம் அப்படியே நிலைச்சிரும். போடாம விட்டா புதுப் பின்னல் தானா அவுந்துரும், சதை பழையபடி தோலைப் புடிச்சுக்கிடும். ஆனா ஒண்ணு சார். கயிறு இன்னும் தளர்ந்துதான் திரும்பும். முன்னாடி எழுபது மாதிரி இருந்தீங்க..."

"இப்பம் எண்பதா?"

"கூடவும் இருக்கலாம்."

"நடுவர் நாற்காலி போயிரும்."

"அது எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்று ஊசி போட்டுக்கொள்ளாமலே எழுந்தார்.

கூடத்தில் பளபள முகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நிலைப்பு ஊசிக்கு வந்தவர்கள். அம்பலவாணன் மகளுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வடிவு பழக்கதோஷத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கப்போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

'எனக்கு உன் மேல் கோபம் இல்லை' என்றார் கையால். தேன்மொழி அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை.

'இந்த முகம் என் முகம் இல்லை. அதனால்தான் அதற்கு ஒன்றும் தெரியவில்லை.'

'யாருடைய முகம்?'

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார். சுற்றிலும் பெரிய மனிதர்கள். பிறகு எழுந்தார். ஒரு விரலால் தன் கன்னத்தைக் காட்டினார். அப்படியே திரும்பி நின்று, வேட்டிக்கு மேல் பின்பக்கத்தைப் பளாரென்று தட்டினார்.

தேன்மொழி விழித்தாள். 'நிஜமாகவா?' என்றாள். அவர் மறுபடி கன்னத்தைக் காட்டி, மறுபடி தட்டினார். அவள் எழுந்து வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி கன்னத்தைப் பார்த்தாள்.

அப்புறம் சிரித்தாள் பாருங்கள்! தன் சத்தம் தனக்கே கேட்காத பிள்ளையின் சிரிப்பு அது, அளவெல்லாம் கிடையாது. கூடத்தின் கண்ணாடி அதிர்ந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். எழுந்து, எதிர்வரிசையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் விரலால் காட்டி, 'இவருமா? இவருமா? அந்த அம்மாவுமா?' என்று தட்டித் தட்டிக் கேட்டாள். அம்பலவாணன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அத்தனை முகமும் அசையாமல் இருந்தது. ஆனால் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் தோள் குலுங்கியது. அவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்துவதற்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு விஷயம். ஊசிக்கு வந்தவர்களில் சிலர் அன்று ஊசி போடாமலே திரும்பிப் போனதாக வடிவு பின்னால் கேள்விப்பட்டாள்.

மிருதுளாவிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது, "கடைசி நேரத்துல இப்படிப் பண்றீங்களே சார்" என்றாள். தீபாவளியன்று நடுவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். வழவழவென்று இருந்தார். அம்பலவாணன் நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்தார். பொறாமை வந்தது. முகத்தில் அது தெரியவும் செய்தது. தெரிந்ததைப் பார்த்து வடிவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முகம் திரும்பி வந்துவிட்டது. டாக்டர் சொன்னதற்கு மேலேயே வந்தது. சங்கரன்கோவில்காரர்கள் "ஐயாவுக்கு மேடை ஏற ஒரு கை குடுங்கப்பா" என்றார்கள். எங்கிருந்து எடுத்த தோல் என்ற கதையை இப்போது அவர் ஊர் ஊராகச் சொல்கிறார். பளபள முகங்கள் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருக்க, நாற்காலிகள் மட்டும் கிடுகிடுவென்று ஆடும். வெளியே போகும்போது தொப்பி வைக்கிறார், கிரீம் தடவுகிறார். யானை போன பிறகு கொட்டகைக்குப் பூட்டு.

ஒரே ஒரு குறைதான். தேன்மொழி அவரோடு பழையபடி வாயாடினாள், சண்டை போட்டாள், எல்லாம் சரி. ஆனால் அந்தப் பழைய பெயர் மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டு வாங்குவதற்கு அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நெற்றியில் மூன்று கோடும் முன்னைவிட ஆழமாக இருந்தன. கண்ணாடி பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

பள்ளி ஆண்டுவிழா வந்தது. பிள்ளைகள் மேடையேறி வீட்டாரை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி. அம்பலவாணனும் வடிவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தேன்மொழி வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். மூன்று விரலை நெற்றியில் வைத்துக் குறுக்கே இழுத்தாள்.

அம்பலவாணன் எழுந்து நின்று கும்பிட்டார்.

தேன்மொழி தலையை ஆட்டினாள். 'நீங்கள் இல்லை, உட்காருங்கள்' என்றாள். அவள் விரல் பக்கத்து நாற்காலியைக் காட்டியது. 'அம்மா.'

பிறகு பக்கவாட்டில் திரும்பி நின்றாள். பின்பக்கத்தைப் பளாரென்று தட்டினாள். 'அப்பா.'

கூடத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக எழுந்து, திரும்பி நின்று, தட்டினார்கள். பள்ளிக்கூடம் முழுக்க அவருக்கு எப்போதோ அதுதான் பெயராகியிருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. காவலாளிகூட வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தான்.

அம்பலவாணன் உட்கார்ந்தார். மெதுவாகத் திரும்பி வடிவின் நெற்றியைப் பார்த்தார். மூன்று கோடு. ஒன்றன்கீழ் ஒன்றாக, நன்றாக விழுந்திருந்தது. மூக்குத்தி இருந்த இடத்தில் மூக்குத்தி இருந்தது, அதை யாரும் இப்போது பார்ப்பதில்லை போலிருக்கிறது.

"இது எப்பம்ட்டி விழுந்துச்சு?"

"எது?"

"நெத்தியில."

"உங்களுக்கு மூஞ்சி இல்லாத காலத்துல" என்றாள் வடிவு. "உங்க கேள்வி அம்புட்டையும் நான்தான கேட்டுக்கிட்டு நின்னேன். கை உங்களுது, புருவம் என்னுது."

"நான் கவனிக்கவே இல்ல வடிவு" என்றார் அம்பலவாணன்.

"நீங்க எங்க என்னைப் பாத்தீய? கண்ணாடியில நான் குறுக்க வந்தாத் தள்ளி நிக்கச் சொல்லுவீய."

விழா முடிந்து மூவரும் பேருந்து ஏறினார்கள். உட்கார இடமில்லை. வடிவு பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், அம்பலவாணன் அவள் பக்கத்தில் நின்றார். பேருந்து திரும்பியதும் கூரையிலிருந்து அந்தப் பெண்குரல் கொஞ்சியது: "பின்வாசல் அருகே நிற்கும் மூத்த குடிமக்கள் இருவருக்கும் யாரேனும் இடம் கொடுக்கவும்."

வடிவு பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"பாக்காத. பின்னால யாரும் இல்ல" என்றார் அம்பலவாணன்.

வடிவு முறைத்தாள். அந்த முறைப்பில் நெற்றியின் மூன்று கோடும் துல்லியமாக விழுந்தன. தேன்மொழி இருவரையும் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் கையால் சொல்லத் தொடங்கினார், புருவமெல்லாம் தூக்கி. அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள், அவர் இன்னும் பாதிகூடச் சொல்லவில்லை.